சூரியக் காற்றும் காந்த நடுக்கோடும் (தென்னிந்தியா, இலங்கை)

சூரியனிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாது வெளியேறும் மின்னேற்றத் துகள்களே சூரியக் காற்று. புவியின் காந்தப்புலம் அதைப் பெரும்பாலும் விலக்கிவிடும். மீறி வரும் தாக்கம் துருவங்களில் ஒளியாகத் தெரியும். காந்த நடுக்கோட்டிலோ கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தின் மாற்றமாக வெளிப்படும். காந்த ஊசி கிடையாக நிற்கும் இக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. அதன் இருமருங்கிலும் சில நூறு கிலோமீட்டர் வரை, தரையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் 'மின்தாரை' ஓடும். திருநெல்வேலியும் இலங்கையின் கேகாலை மாவட்டத்து மாவனல்லையும் அதன் கீழ்தான் உள்ளன. மின்தாரை மேல்வளியின் சொந்த அசைவால் பிறப்பது. காந்தப் புயலின்போது சூரியக் காற்றின் மின்புலம் ஊடுருவி அதை வலுப்படுத்தும், சிலவேளை திசையையே திருப்பிவிடும்.

இப்பகுதியின் பழைய பதிவுகளில் தனித்து நிற்பவை ஜான் ஆலன் பிரவுனுடையவை. 1852இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற அவர், 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஒரு காந்த நிலையம் அமைத்தார். 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். மழையும் மூடுபனியும் விடாத காடு. கருவிகள் அத்தனையும் ஆள்சுமையாகவே ஏறின. மலையிலும் திருவனந்தபுரத்திலும் காந்த ஊசி ஒரே வேளையில் எப்படி விலகுகிறது என்று ஒப்பிடுவதே நோக்கம். இங்கும் முன்பு ஸ்காட்லாந்திலும் எடுத்த அளவுகளைக் கொண்டு, காந்தக் கலக்கம் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை மீள்வதையும், அது சூரியச் சுழற்சியோடு இணைந்திருப்பதையும் அவர் கண்டார். சூரியக் காற்று என்ற கருத்தே உருவாகாத காலம் அது. அவருடைய திருவனந்தபுரம், அகத்தியமலை அளவீடுகள் 1874இல் நூலாயின.

1859 செப்டம்பர் 2 காந்தப் புயலின்போது பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் கிடைக்காந்தப் புலம் சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிந்தது. புவியைச் சூழும் வளைய மின்னோட்டமே காரணம் என்பர் ஒரு சாரார்; அயனி மண்டல மின்னோட்டத்துக்கும் பங்குண்டு என்பர் மறு சாரார்.

கொடைக்கானலில் 1901இல் சூரிய நோக்கல் தொடங்கியது. யூஜின் பார்க்கரின் சூரியக் காற்றுக் கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவர் மறுத்தும், இதழாசிரியரான சுப்பிரமணியன் சந்திரசேகர் 1958இல் அதை வெளியிட்டார். 1962இல் மரைனர் 2 விண்கலம் அக்காற்றை நேரில் அளந்தது. மின்தாரையை ஆராய ஏற்ற இடமென்றே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தெரிவாகி, 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது.

2024 ஜனவரியில் இந்தியாவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா எல்-1 தன் நிலையை அடைந்தது. அவ்வாண்டு மே மாதக் காந்தப் புயலில் லடாக்கின் ஹான்லே வானம் துருவ ஒளியால் சிவந்தது.