செத்த சிங்கி இறாலும் சாக்கடைக் கம்ப்யூட்டரும்

கழிவுநீர் சுத்திகரிப்புக்கு கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேக்குறவங்களை நான் டென்மார்க்குக்குக் கூட்டிட்டுப் போவேன். 1986 அக்டோபர். கிலெலாயே துறைமுகத்துக்கு மீனவர்கள் செத்த சிங்கி இறால்களோட கரை திரும்பினாங்க. டிவி செய்தியில அதைப் பார்த்து நாடே அதிர்ந்துபோச்சு. கடலடியில ஆக்சிஜன் இல்லை. வயல் உரத்துலேர்ந்தும் கழிவறையிலேர்ந்தும் போற நைட்ரஜனைத் தின்னு பாசி பெருகும். அது செத்து மக்கும்போது, இருக்கிற ஆக்சிஜனை பாக்டீரியா இழுத்துக்கும்.

1987-ல் நாடாளுமன்றம் நீர்ச்சூழல் திட்டத்தை நிறைவேற்றியது. நைட்ரஜன் 50 சதவீதம், பாஸ்பரஸ் 80 சதவீதம் குறையணும். பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் விடுற தண்ணியில, லிட்டருக்கு 8 மில்லிகிராம் நைட்ரஜன்தான் இருக்கலாம்.

அங்கே உழைக்கிறது ரெண்டு பாக்டீரியா கோஷ்டி. ஒண்ணு அம்மோனியத்தை நைட்ரேட்டா மாத்தும். அதுக்குக் காத்து வேணும். இன்னொண்ணு நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பும். ஆனா காத்து இருந்தா அது நைட்ரேட்டைத் தொடாது. (சுலபமா ஆக்சிஜன் கிடைக்கும்போது ஏன் தொடணும்?) க்ரூகர்ங்கிற டேனிஷ் நிறுவனத்தோட பயோடெனிட்ரோ முறை இதுக்கு 1970களிலேயே வழி சொல்லியிருந்தது: ரெண்டு தொட்டி, மாறி மாறி காத்து.

சரி, எப்போ மாத்துறது? டைமர் வைக்கலாம். ஆனா டைமருக்கு ஊரைத் தெரியாதே! காலையில எல்லாரும் எழுந்ததும் அம்மோனியம் எகிறும், நடுராத்திரி படுத்துடும், மழை பெஞ்சா நீர்த்துப்போகும். ராத்திரியும் அதே அளவு ஊதினா கரண்ட் வீண்; மிஞ்சின ஆக்சிஜன் அடுத்த கட்டத்தையும் கெடுக்கும். சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினா, ரிசல்ட் வரும்போது அந்தத் தண்ணி கடல்ல இருக்கும்.

இதை மாத்தினது, தொட்டியோட அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் அங்கேயே, விடாம அளக்கிற கருவிகள். 1990களில் டேனிஷ் நிலையங்கள் அந்த எண்களைக் கம்ப்யூட்டர் கையில கொடுத்தன. அம்மோனியம் இறங்கிடுச்சா, காத்தை நிறுத்து. நைட்ரேட் தீர்ந்துடுச்சா, மறுபடி ஊது. என்னைக் கேட்டா, புதுத் தொட்டி கட்டுறதைவிட இதுதான் பெரிய புத்திசாலித்தனம்.

1990களின் நடுவிலேயே சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் இலக்கை எட்டின. வயல்களுக்கு இன்னும் பல வருஷம் ஆச்சு. நைட்ரஜனில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. குழாய் முனையில கருவி வைக்கலாம், மண்ணுக்குள்ள இறங்குற உரத்துக்கு எங்கே வைக்கிறது? 2024 ஏப்ரலில், ஆக்சிஜன் இல்லாம செத்துக்கிட்டிருந்த வைலெ கடற்கழிக்கு டென்மார்க் மக்கள் இறுதிச் சடங்கே நடத்தினாங்க.