தாலியும் திருத்தந்தையின் ஆணையும்

இராபர்ட் தெ நொபிலி மதுரையில் காவியுடுத்து, மரக்கறி உண்டு கிறித்தவம் பரப்பியவர். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அனுமதி தந்தார். அவர் தொடங்கிய மதுரை மிஷன் கொங்கு நாட்டில் சத்தியமங்கலம் வரை பரவியது.

1704இல் நிலைமை மாறியது. ரோமிலிருந்து தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் 16 பிரிவுகள் கொண்ட ஆணையை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. திருமணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கு வராதே எனத் தடுக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் குருவின் உமிழ்நீர் தொட்டு வைக்கும் சடங்கை விடக் கூடாது. எச்சில் என்றாலே முகம் சுளிக்கும் தமிழர்களிடம் இதைச் சொன்னால் எப்படியிருக்கும்!

ஆனால் அதே ஆணை, சாகக்கிடக்கும் தாழ்த்தப்பட்டவரின் வீட்டுக்குள் குருக்கள் சென்றே ஆகவேண்டும் என்றும் சொன்னது. பழமைவாதம் என்று ஒரே சொல்லில் இதை ஒதுக்கிவிட முடியாது.

பல ஆண்டுகள் வழக்காடிய பின், 1744இல் 14ஆம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தார். இதைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிகள் சத்தியம் செய்யவேண்டும். அப்படியும் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்கள்! அதற்கு அவரும் ஒப்புதல் தந்தார். சாதி கோயிலுக்குள்ளேயே தங்கிவிட்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910 வாக்கில்தான் இடிக்கப்பட்டது.

மிஷனரிகளின் சத்தியப்பிரமாணத்தை ரோம் 1940இல் நீக்கியது. தாலியை மட்டும் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருநாளும் விடவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவை வந்தது.