மலையகத் தமிழரும் மறதிநோய் ஆராய்ச்சியும்

முதுமையில் நினைவு தளர்வதை ஈழத்தவர் ‘அறளை பெயர்தல்’ என்பர். அதனை வயதின் இயல்பென்று விட்டுவிடுதல் நம்மவர் வழக்கம். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், ஐம்பது வயதளவில் மறதியுற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையிற் கண்ட மாற்றங்களை 1906ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதன்பின்னரே இஃது ஒரு நோயென்பது மருத்துவ உலகிற்குப் புலனாகத் தொடங்கிற்று. நம் நாட்டில் ராகமைப் பகுதி முதியோர் 703 பேரை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வு, அவருள் 28 பேரிடம் மறதிநோயைக் கண்டது. அவர்களிற் பெரும்பாலார் அல்சைமர் நோயினர்.

இந்நோய்க்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பில் ஒரு முக்கிய உண்மை 1993இல் வெளியாயிற்று. ‘அப்போ-ஈ’ என்னும் பரம்பரையலகின் நான்காம் வகையை உடையோர்க்கு நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதே அது. ஆயின் அம்மிகுதி எல்லா மக்களுக்கும் ஒரே அளவினதன்று. யப்பானியரிடம் கூடியும், ஆபிரிக்க வழியினரிடம் குறைந்தும் காணப்படுகின்றது. ஆதலின் ஓரினத்தாரிடம் கண்ட அளவுகோலைப் பிறர்க்கு அப்படியே கொள்ளுதல் இயலாது. எனினும் இத்தகைய ஆராய்ச்சிகளுக்குக் குருதி வழங்கியோரிற் பெரும்பாலார் ஐரோப்பிய வழியினரே. 2015இல் நிறைவெய்திய ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்’ 26 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 2504 பேரை ஆராய்ந்தது. அதில் இலங்கைத் தமிழர் குழுவொன்றும் உண்டு; அவர்தம் குருதி பெறப்பட்டதோ பிரித்தானியாவில்!

கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்ட மக்களை இவ்வாராய்ச்சிக்கு அழைப்போர், முதலில் அவர்தம் வரலாற்றை அறிதல் வேண்டும். 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித்தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலம் ஊடாக, இம்மக்கள் பிறர் தேவைக்காகவே ஏட்டிற் பதியப்பட்டனர். அவர்தம் உழைப்பைச் ‘செக்ரோல்’ பதிந்தது. கடனைத் ‘துண்டு’ பதிந்தது. துண்டுமுறை ஒழிந்தது 1921இலேதான்.

மருத்துவமும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். தொழிலாளர்க்கு மருந்து கொடுக்கப்பட்டது. ஆயின் மலசலகூடங்களும் துப்புரவு வசதிகளும் போதாமையால் புழு மீண்டும் பற்றிற்று. மருந்து வந்தது, வாழ்நிலை மாறவில்லை.

எல்லாவற்றினும் ஆழமான வடு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் விளைந்தது. “நின் தந்தை எங்குப் பிறந்தான்? பாட்டன் எங்குப் பிறந்தான்?” என்பதே அச்சட்டம் எழுப்பிய வினா. விடைக்குச் சான்று காட்டவியலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. நாடற்ற நிலை தீரச் சட்டம் 2003 வரை காத்திருந்தது.

பிறப்புரிமையியல் ஆய்வாளர் கேட்கும் முதல் வினாவும் இதுவேயன்றோ? குடும்பவழியை அறியாமல் அவர் ஆராய இயலாது. ஆயின் லயத்து வாயிலில் அவ்வினா எழும்போது மூதாட்டி ஒருத்தி தயங்குவாளாயின், அதனை அறியாமை எனல் பிழை. அது வரலாறு கற்பித்த எச்சரிக்கை.

இத்தயக்கம் நீங்கக்கூடியதே என்பதற்குக் கொலம்பியா நாடு சான்று. அங்கு அந்தியோக்கியா மலைப்பகுதிக் குடும்பங்களில் இளவயதிலேயே இந்நோய் தோன்றுதலை மருத்துவர் பிரான்சிஸ்கோ லொப்பேரா 1980களில் ஆராயத் தொடங்கினார். அவர் 2024இல் மறையும்வரை அக்குடும்பங்களை விட்டு நீங்கவில்லை. அவர்களிடம் சோதித்த ஒரு மருந்து பயன்தரவில்லை என்பது 2022இல் தெரிந்தபோதும் உறவு முறியவில்லை. குருதி பெற்றுச் செல்வோர் பலர். திரும்பி வருவோரையே மக்கள் நம்புவர்.

நம்மிடம் 1962 முதல் பேராதனையில் மருத்துவ பீடம் உண்டு. மலையகத்தார் இவ்வாராய்ச்சியிற் பங்குகொள்ளல் வேண்டும்; இன்றேல் வருங்கால மருந்தும் சோதனையும் அவர்க்குப் பொருந்துமோ என்பதை எவரும் அறியார். ஆயின் அழைப்புத் தமிழில் அமைக. தோட்ட நிருவாகத்தின் வாயிலாக வற்புறுத்தல் நிகழாதொழிக. மறுக்கவும் இடையில் விலகவும் உரிமை உண்டென்பது முதலிலேயே சொல்லப்படுக. பெயரும் குடும்பவழியும் எந்த அலுவலகத்திற்கும் செல்லா என்ற உறுதியும், முடிவுகளும் பராமரிப்பும் லயத்திற்கே திரும்பி வரும் என்ற உறுதியும் வேண்டும்.

இவற்றை எடுத்துரைக்க வல்லோர், அம்முதியோரின் பேரப்பிள்ளைகளாய் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவரே. பாட்டன் பிறந்த இடத்தை ஒருகாலத்திற் சட்டம் கேட்டது, உரிமையைப் பறித்தற்கு. அதே வினாவை அறிவியல் கேட்கும்போது அது நலம் பயத்தற்கே ஆதல் வேண்டும். அதனை உறுதிசெய்தல் கற்றோர் கடன்.