எண்ணெய் வளமும் ஓசேஜ் மக்களும்

எண்ணெய்ச் செல்வம் என்றதும் அரபு நாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. அச்செல்வம் ஓர் எளிய இனத்தை உயர்த்திய வரலாற்றையும் அலைக்கழித்த வரலாற்றையும் அறிய, நாம் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தை நோக்க வேண்டும்.

ஓசேஜ் என்னும் பழங்குடியினர் கன்சாஸ் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டவர்கள். அந்நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு, 1870களின் தொடக்கத்தில் செரோக்கி மக்களிடமிருந்து கரடுமுரடான பகுதியொன்றை விலைக்கு வாங்கினர். உழவுக்கு உதவாத மண்ணை வெள்ளையர் நாடார் என்பது அவர்தம் எண்ணம். 1897இல் அம்மண்ணிலேயே எண்ணெய் கிடைத்தது!

1906இல் அரசு அந்நிலத்தைத் தனித்தனியே பங்கிட்டது. ஆயினும் நிலத்தடி வளம் இனம் முழுமைக்கும் பொதுவாகவே இருத்தல் வேண்டும் என்று ஓசேஜ் தலைவர்கள் வாதாடி, அதனைச் சட்டத்தில் இடம்பெறச் செய்தனர். பதிவேட்டிலிருந்த 2,229 பேரும் சமபங்கு பெற்றனர். 1923ஆம் ஆண்டில் மட்டும் அவ்வினத்தாருக்கு 3 கோடி டாலருக்கு மேல் வருவாய் வந்தது.

பணம் வந்தது, அதனை ஆளும் உரிமை வரவில்லை. ஓசேஜ் மக்களுள் பலர் தம் சொத்தை நிருவகிக்கத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டனர். உள்ளூர் நீதிமன்றம் அவர்களுக்குக் காப்பாளர்களை நியமித்தது. அக்காப்பாளர்களுட் பலர் வெள்ளை வணிகரும் வழக்கறிஞருமே. 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதிச் சான்று பெறாதவர் மூன்று மாதத்திற்கு 1,000 டாலருக்கு மேல் பெற இயலாது. தம் பணத்திற்கே பிறரிடம் கைநீட்டி நின்ற அம்மக்களின் நிலையை நாம் விளக்கவும் வேண்டுமோ?

பங்குரிமை வாரிசு வழியே கைமாறுவது. ஆகவே பேராசை கொலையில் முடிந்தது. 1921 மே மாதம் அன்னா பிரவுன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1923இல் அவர்தம் தங்கை ரீட்டாவின் வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உடன்பிறந்தார் மடிய, பங்குகள் மோலி பர்க்ஹார்ட் என்னும் சகோதரியிடம் சேர வேண்டும். அவருடைய வெள்ளைக் கணவனின் மாமன் வில்லியம் ஹேலே இச்சதியின் சூத்திரதாரி. ஓசேஜ் மக்களின் நண்பன் என்று பெயர் பெற்றிருந்த ஹேல், 1929இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

1925இல், பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் குருதியுடையோரின் பங்கைப் பிற இனத்தார் வாரிசாகப் பெறுவது தடுக்கப்பட்டது. அரசு தம் பொதுப்பணத்தைச் செம்மையாகப் பேணவில்லை என்று இம்மக்கள் 2000இல் வழக்குத் தொடுத்தனர். 2011இல் 38 கோடி டாலர் தர அரசு உடன்பட்டது.

அம்மக்களை இறுதிவரை தாங்கி நின்றது, 1906இல் அவர்தம் முன்னோர் கூட்டாகக் காத்த பொதுவுரிமையே. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் பிள்ளைகள் பத்திரத்தைத் தாமே படிக்கவும், கணக்கைத் தாமே கேட்கவும் வல்லவராதல் வேண்டும். நாம் கல்வி வேண்டுவது இதற்காகவே.