குற்றிகளில் பதிந்த கொழும்பு

வெள்ளவத்தைக் கடையொன்றில் மிச்சக் காசாக ஒரு பத்து ரூபாக் குற்றி கைக்கு வந்தது. 2013 என்ற ஆண்டைத் தாங்கி, மாவட்டத்துக்கு ஒன்றாக மத்திய வங்கி வெளியிட்ட 25 குற்றிகளுள் அதுவும் ஒன்று. ஓர் ஊரின் அடையாளம் எதுவென அரசு தீர்மானித்து உலோகத்தில் பதிக்கும்போது, அவ்வூரார் அதில் தம்மைத் தேடுவது இயல்பே. நானும் தேடினேன்.

புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டை ஒட்டி 1957இல் வெள்ளியிலான ஐந்து ரூபா ஞாபகார்த்தக் குற்றி வெளிவந்தது. 1976இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பில் கூடியபோது, அது நடந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் இரண்டு, ஐந்து ரூபாக் குற்றிகளில் ஏறியது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸின் வருகைக்கு 500 ரூபாக் குற்றியொன்று வந்தது. கொட்டாஞ்சேனையில் அதைப் பேணி வைத்திருப்போர் இருந்தால் வியப்பில்லை. ஆனால் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் சம்மாங்கோட்டுப் பள்ளியைக் குற்றியெதிலும் நான் கண்டதில்லை. 1908இல் கட்டத் தொடங்கிய, கொழும்புக்கு வரும் எவரும் நின்று பார்க்கும் சிவப்பு வெள்ளைப் பள்ளி அது.

இதை வெறும் மனக்குறையாகச் சொல்லவில்லை. இந்நாட்டு நாணயத்தில் நமது சுவடு மிகப் பழையது. பாரசீகத்து லார் நகரின் பெயரால் வழங்கிய லாரின், வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து அரபு எழுத்துப் பொறித்த காசு. இந்து சமுத்திர வணிகத்தோடு இலங்கைக்கு வந்து, இங்கே தூண்டில் முள்ளாக வளைந்தது. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் தூண்டில் முள் வடிவக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை மன்னனின் அனுமதியோடு எவரும் செய்துகொள்ளலாமாம்! தமிழுக்கும் இடமிருந்தது: யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் ‘சேது’ என்ற சொல், விக்டோரியா காலச் செப்புச் சதத்தில் பனையின் அருகே சிங்களத்தோடு தமிழ்.

பழங்காசுகளைப் பார்க்க மாணவரைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் செல்வோர், கட்டடத்தையும் காட்ட வேண்டும். 1877இல் திறக்கப்பட்ட அதைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். கூலிக்கு மேலாக என்ன வேண்டுமென ஆளுநர் கிரகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடிவைக்கும்படி கேட்டாராம்.