கத்தியும் எஃகும்



இரண்டு சிறு கத்திகள் உங்கள்முன் வைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளுங்கள். இரண்டும் ஒரு சாண் நீளத்துக்கு மேற்படாதவை. இரண்டும் மடக்குக் கத்திகள் அல்ல. அலகின் அடிப்பகுதி பிடிக்குள் நுழைந்து அசையாமல் இறுகி நிற்கும் கத்திகள். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. இவ்விரண்டனுள் எதனை எடுத்துக்கொள்வீர்கள்? ஒருவர் பளபளப்பைக் கண்டு எடுப்பார். மற்றொருவர் அலகில் பொறித்திருக்கும் பெயரைக் கண்டு எடுப்பார். இது கடைத்தெருவிலே கேட்டு விடைகாண வேண்டிய சிறு கேள்வி, இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். தொடர்பு உண்டு. இதே கேள்வியை 1795-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துக் கத்தி வினைஞர் ஒருவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். அவர் கண்ட விடை நம் நாட்டுக் கொல்லருக்குப் பெரும் புகழைத் தந்தது. ஆயினும் அப்புகழ் அவர்களுடைய உலையைக் காப்பாற்றவில்லை. ஏன் காப்பாற்றவில்லை என்பதே இன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நம் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குவோம். கன்னியாகுமரிக்கு அண்மையில், குமரி மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டமும் கூடும் எல்லையில் அமைந்தது அஞ்சுகிராமம். நாஞ்சில் நாட்டின் பசுமையான வயல்கள் முடிந்து, பனைகள் நிற்கும் செந்நிலம் தொடங்குவது இவ்வட்டாரத்திலேதான். இங்கே பனையேறும் தொழிலாளி ஒருவர் மரத்தின் உச்சியில் செய்யும் வேலை இரு வகைப்பட்டது. காய்ந்த ஓலையையும் முற்றிய மட்டையையும் வெட்டிக் கழிப்பது ஒன்று. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி, இவ்வட்டாரத்தார் அக்கானி என வழங்கும் பதநீர் சொட்டும்படி செய்வது மற்றொன்று. இரண்டும் வெட்டும் வேலைகளே. எனினும் இரண்டுக்கும் ஒரே கருவி உதவாது. மட்டை வெட்டும் அரிவாள் அடி தாங்க வேண்டும். கடினமான மட்டையில் படும்போது அதன் வாய் சிதறிவிடக் கூடாது. பாளை சீவும் அரிவாளோ அடி தாங்க வேண்டுவதில்லை. அதன் வாய் சவரக்கத்தியின் வாயைப்போல் இருக்க வேண்டும். சீவல் தடித்துப்போனால் பாளை விரைவில் தேய்ந்துவிடும். வாய் மழுங்கிப் பாளை நசுங்கினால் பதநீர் ஊறுவது குறையும். ஆதலால் பாளை அரிவாளை மரப்பலகையிலே வெண்கல் பொடியைத் தூவிப் பலமுறை தீட்டி, உறையிலிட்டுக் காப்பது வழக்கம்.

இவ்விரண்டு அரிவாள்களில் எது சிறந்தது என்று அவரைக் கேட்டால் அவர் நகைப்பார். எந்த வேலைக்கு என்று நம்மைத் திருப்பிக் கேட்பார். கத்தியைத் தேர்ந்தெடுக்கும் கலையின் முதற்பாடம் அவருடைய அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இவ்வேறுபாடு எதனால் விளைகிறது? இரும்போடு கலந்திருக்கும் கரியின் அளவினாலும், அதற்குக் கொல்லர் தரும் பதத்தினாலும் விளைகிறது. கரி மிகமிகக் குறைவாகக் கலந்த தேனிரும்பு வளையும். ஆனால் கூர் நில்லாது. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கரி கலந்த வார்ப்பிரும்பு கடினமானது; ஆனால் அடித்தால் உடையும். இவை இரண்டுக்கும் இடைப்பட்டது எஃகு. எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரிலே தோய்த்தால் அது மிக்க கடினம் பெறுகிறது. அவ்வாறு தோய்த்ததை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டினால் கடினம் சிறிது குறைந்து, வளைந்துகொடுக்கும் ஆற்றல் கூடுகிறது. கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் நொறுங்கும் அச்சமும் கூடும். ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றை ஓரளவு இழக்க வேண்டும். மட்டை அரிவாளும் பாளை அரிவாளும் இந்தப் பேரத்தின் இரு முடிவுகள்.

இந்த அறிவு நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பார் 1899-ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வில் தாழிகளோடு இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளை வெளிப்படுத்தின. ஆதிச்சநல்லூருக்கு அண்மையிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பு, கிறித்துவுக்கு முன் நாலாயிரமாவது ஆண்டுக்கும் மூவாயிரமாவது ஆண்டுக்கும் இடைப்பட்டது என்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அறிக்கை 2025-ஆம் ஆண்டு சனவரியில் தெரிவித்தது. அக்காலக் கணிப்பை அறிஞர்கள் இன்னும் ஆய்ந்து வருகின்றனர். எவ்வாறாயினும், இரும்பை நெடுங்காலமாகக் கையாண்டு பழகிய நாடு இது என்பதில் ஐயமில்லை.

அப்பழக்கத்தின் முதிர்ந்த கனி உருக்கு. உருகு என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. கன்னடத்தில் அதனை உக்கு என்பர். அச்சொல்லே ஐரோப்பியர் வாயில் ஊட்ஸ் எனத் திரிந்தது என்பது அறிஞர் பலருடைய கருத்து. 1800-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் என்பவரும், பின்னர்ச் சேலம் பகுதியைக் கண்டறிந்த ஹீத் என்பவரும் அதன் செய்முறையை எழுதிவைத்திருக்கின்றனர். உமி கலந்த களிமண்ணால் சிறு மூசை செய்வார்கள். அதனுள் இரும்புத் துண்டையும் ஆவாரைச் சுள்ளிகளையும் இடுவார்கள். மேலே எருக்கிலை போன்ற பச்சிலையை வைத்து, மண்ணால் வாயை அடைப்பார்கள். இவ்வாறு இருபது அல்லது இருபத்துநான்கு மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள் என்கிறார் ஹீத். ஆவாரையின் கரி இரும்பிலே கலந்து, கட்டி முழுதும் உருகி எஃகாகிவிடும். மூசையை உடைத்தால் கையில் அடங்கும் உருண்டையாக எஃகு கிடைக்கும். வேலியில் பூக்கும் ஆவாரையும், யாரும் தொடாத எருக்கும் இவ்வருந்தொழிலுக்குப் பயன்பட்டன என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி இலண்டனுக்குச் செல்வோம். நம் முன்னோர் பனையோலையை வாரி எழுதினார்கள். ஓலை வாரச் சிறு கத்தி வேண்டியிருந்தது. அக்காலத்து ஆங்கிலேயர் பறவையின் இறகைச் சீவி எழுதினார்கள். இறகு சீவவும் சிறு கத்தி வேண்டியிருந்தது. அத்தகைய கத்திகளையும், சவரக்கத்திகளையும், மருத்துவர்க்குரிய அறுவைக் கருவிகளையும் செய்து விற்றவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். பம்பாயிலிருந்த ஹெலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர், இந்திய எஃகின் மாதிரிகளை இராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு 1794-ஆம் ஆண்டில் அனுப்பிவைத்தார். அவற்றை ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1795-இல் அச்சங்கத்தில் கட்டுரை படித்தார். அவ்வாய்வின்போது, இறகு சீவும் கத்தியொன்றை அவ்வெஃகால் அடித்துப் பார்க்கும் பொறுப்பு ஸ்டோடார்ட்டிடம் வந்தது.

அது எளிய வேலையாக இருக்கவில்லை. இந்திய எஃகைக் கடுஞ்சூட்டில் அடித்தால் சிதறிவிடும். இருட்டிலே மட்டும் செம்மை தெரியும் அளவுக்குக் குறைந்த சூட்டில் அடித்தே அதனைக் கத்தியாக்க வேண்டியிருந்தது. ஆக்கி முடித்தபின் அதனைத் தம் நாட்டுச் சிறந்த எஃகுக் கத்தியோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுபோல வெட்டின. ஆனால் இந்திய எஃகு இன்னும் நுண்ணிய கூரைத் தாங்கும், அக்கூர் இன்னும் நெடிது நிற்கும், மருத்துவக் கருவிகளுக்கு மிக ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு. அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தபின், ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் கடை விளம்பரத்திலேயே அச்சிட்டார். ஆளும் நாட்டைச் சேர்ந்த ஒரு வினைஞர், ஆளப்படும் நாட்டின் பொருளைத் தம் நாட்டுப் பொருளினும் உயர்ந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊர்ப்பற்றும் இனப்பற்றும் அவருடைய தீர்ப்பைச் சாய்க்கவில்லை. கத்தியின் வாய் சொன்னதை அவர் கேட்டார்.

ஸ்டோடார்ட் ஒப்பிட்ட ஆங்கில எஃகுக்கும் ஒரு கதை உண்டு. பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகார வினைஞர், தம் கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒரே சீரான எஃகு கிடைக்காமல் வருந்தி, 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூசையில் எஃகை முழுதும் உருக்கும் முறையைக் கண்டார். ஷெபீல்டு நகரத்துக் கத்தி வினைஞர்கள் முதலில் அதனை வாங்க மறுத்தனர். மிகவும் கடினமாயிருக்கிறது என்றனர். பிரெஞ்சு நாட்டு வினைஞர்கள் அதனை வாங்கிச் சிறந்த கத்திகளைச் செய்து விற்கத் தொடங்கியபின்னரே ஷெபீல்டு விழித்துக்கொண்டது. பழகிய கத்தியே நல்ல கத்தி என்ற எண்ணம் எந்நாட்டார்க்கும் பொது என்பதை இக்கதை காட்டுகிறது.

அவ்வாறாயின், ஒப்பீட்டில் வென்ற இந்திய எஃகு வாணிகத்தில் ஏன் தோற்றது? அயலார் ஆட்சியின் வாணிகக் கொள்கை ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொல்லி அமைவது வரலாறாகாது. இந்திய எஃகைப் போற்றிய ஸ்டோடார்ட்டே அதன் குறையையும் சொல்லியிருக்கிறார். வந்து சேர்ந்த கட்டிகள் எல்லாம் ஒரே சீராக இல்லை. சில நன்றாக உருகாதிருந்தன. மீண்டும் ஒருமுறை உருக்கிய பின்னரே நுண்கருவிக்கு உதவின. இருபது மூசைகளில் எது சிறந்தது, எது தாழ்ந்தது என்பதைக் கைப்பழக்கமுள்ள கொல்லர் அறிவார். கடல் கடந்து வாங்குவோர் அறியார். கத்திக்கு வேண்டுவது கூர்மை. தொழிலுக்கு வேண்டுவதோ ஒருமை. அஃதாவது, இன்று வாங்கியதும் நாளை வாங்குவதும் ஒன்றாயிருத்தல். முன்னதில் நம் கொல்லர் வென்றனர். பின்னதில் ஷெபீல்டு வென்றது.

இன்னொன்றும் உண்டு. நம்மவர் செய்து கண்டதை மேனாட்டார் கேட்டுக் கண்டனர். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே, 1819-இல் இந்திய எஃகைப் பகுத்தாய்ந்தார். ஸ்டோடார்ட்டோடு கூடி 1820-லும் 1822-லும் எஃகுக் கலவைகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். அவ்வெஃகின் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்கனும் காரணமாகலாம் என்று அவர் கருதியது பொருந்தவில்லை. பாரிஸில் பிரேயான் என்பவர் பல சோதனைகளுக்குப்பின், கரியின் மிகுதியே காரணம் என்று 1823-இல் விளக்கினார். ஒருவர் தவறினால் மற்றொருவர் திருத்த முடிந்தது. ஏனெனில் எல்லாம் எழுத்தில் இருந்தன. நம் கொல்லரின் அறிவோ தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் சென்றது. உலை அணைந்தபோது அறிவும் அணைந்தது. 1830-ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் ஹீத் தொடங்கிய பெரிய இரும்பாலையும் நிலைக்கவில்லை. 1856-இல் பெஸ்ஸிமர் கண்ட முறையால் எஃகு மலிந்து பெருகியபின், ஆவாரைச் சுள்ளியிட்டு உருண்டை உருண்டையாக எஃகு செய்தவர்களுக்குச் சந்தையே இல்லாமற்போயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர்களாகிய நீங்கள் கொள்ளத்தக்கது யாது? இந்திய எஃகு உலகில் தலைசிறந்தது என்று பெருமை பேசுவதா? வென்றது ஷெபீல்டு, ஆகவே அதுவே சிறந்தது என்று தலைவணங்குவதா? இரண்டும் ஆராயாத கூற்றுகளே. கத்தியைத் தேர்வது வேறு. தொழிலின் வெற்றி தோல்வியை அளப்பது வேறு. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குச் சான்றாக்கக் கூடாது.

உங்கள்முன் வைத்த அந்த இரண்டு கத்திகளுக்கு வருவோம். ஒன்று துருப்பிடிக்காத எஃகால் ஆனது என்றும், மற்றொன்று கொல்லர் பட்டறையில் அடித்த கரியெஃகு என்றும் கொள்வோம். முன்னது ஹாரி பிரேர்லி என்பவர் 1913-இல் ஷெபீல்டில் கண்ட வகையின் வழிவந்தது. அஞ்சுகிராமம்போல் உப்பங்காற்று வீசும் கடலோர ஊரில் அது துடைக்க மறந்தாலும் எளிதில் கெடாது. பின்னதை ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஆனால் தீட்டுகல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும். எதனை வெட்டப்போகிறேன், எவ்வாறு தீட்டப்போகிறேன், எவ்வளவு பேணப்போகிறேன் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டு, இரண்டையும் ஒரே பொருளில் வெட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் வெட்டிப் பாருங்கள். கண்டதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பனையேறும் தொழிலாளியின் கேள்வியும், ஸ்டோடார்ட்டின் சோதனையும், பாரடேயின் எழுத்தும் உங்களிடம் ஒன்றுசேர்ந்துவிடும். அவை மூன்றும் ஒருவரிடத்தே சேராமற்போனதால் நாம் இழந்தது சிறிதன்று.