ஜயித்த ஆட்டத்தின் விலை

ராஜாக்களின் சரித்திரத்தை எழுத ஆஸ்தானப் புலவர்கள் இருந்தார்கள். யுத்தங்களின் சரித்திரத்தை எழுதப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்ட அரங்கின் மேல் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திவிட்டு, மறுநாள் குரலே இல்லாமல் வேலைக்குப் போகும் ரஸிகர்களின் சரித்திரத்தை எழுத மட்டும் யாரும் சுலபத்தில் முன்வருவதில்லை. அவர்கள் கண்டதும் களித்ததும் அவர்களோடு போய்விடுகின்றன.

கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு ராஜாக்களைவிட ரஸிகர்களிடம் பக்ஷம் அதிகம். ஆகையால் நியூயார்க் நகரத்து சிட்டி காலேஜின் கூடைப்பந்துக் கோஷ்டியையும், அதைப் பின்தொடர்ந்து திரிந்த ரஸிகர்களையும் பற்றி இங்கே சொல்லப் போகிறேன். 1950-ஆம் வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு எந்தக் கல்லூரி ரஸிகர்களுக்கும் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே அவர்களுக்கு நேர்ந்த துக்கமும் அப்படிப்பட்டதுதான்.

முதலில் அந்தக் கல்லூரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1847-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக நகரத்தார் வரிப் பணத்தில் தொடங்கிய கல்லூரி அது. படிப்புக்குச் சம்பளம் கிடையாது. மூளை இருந்தால் போதும், பணம் வேண்டாம். பெரிய தனியார் கல்லூரிகள் பல, யூதப் பிள்ளைகளுக்கு இத்தனை இடம்தான் என்று சத்தமில்லாமல் கணக்கு வைத்திருந்த காலம். தையல்காரர், பழ வண்டிக்காரர், சாயப்பட்டறைத் தொழிலாளி இவர்களின் பிள்ளைகளெல்லாம் ஹார்லெம் பக்கத்துக் குன்றின் மேலிருந்த சிட்டி காலேஜுக்கு வந்து சேர்ந்தார்கள். இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்த ஜோனாஸ் ஸால்க் அங்கே படித்தவர்தான்.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு ஆங்கிலமே அரைகுறை. பந்தைக் கூடையில் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று நினைக்கிறவர்கள். பிள்ளைகளுக்கோ அந்தப் பந்துதான் அமெரிக்கா. கால்பந்துக்குப் பெரிய மைதானம் வேண்டும். கூடைப்பந்துக்குத் தெருக்கோடியில் ஒரு கம்பமும் வளையமும் இருந்தால் போதும். ஏழைப் பேட்டைகளுக்கென்றே ஏற்பட்ட ஆட்டம் என்று சொல்லலாம்.

பெரிய பந்தயங்களெல்லாம் மாடிஸன் ஸ்குயர் கார்டனில் நடக்கும். பெயர்தான் தோட்டம், 18,000 பேர் உட்காரக்கூடிய மாபெரும் கட்டிடம். நெட் ஐரிஷ் என்பவர் 1934 முதல் அங்கே ஒரே இரவில் இரண்டு கல்லூரிப் பந்தயங்களை நடத்திக் கூட்டம் சேர்த்து வந்தார். கல்லூரி வாசலில் சுரங்க ரயில் ஏறினால் ஐம்பதாவது தெருவில் இறங்கலாம். பெட்டி முழுக்க மாணவர்கள். உச்சி வரிசையில் புகையிலைப் புகை மேகம்போல் நிற்கும். அதற்கு அடியில் உட்கார்ந்துகொண்டு “அல்லகரூ!” என்று ஆரம்பிப்பார்கள். அது அந்தக் கல்லூரியின் கோஷம். முதலையும் கங்காருவும் கூடிப் பிறந்த பிராணியின் பெயர் அது என்று சிலர் வியாக்கியானம் செய்தார்கள். அர்த்தம் யாருக்கு வேண்டும்? பஜனையில் நாமாவளிக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டா நிற்கிறோம்?

பயிற்சியாளர் நாட் ஹோல்மன் அந்தக் காலத்துப் புகழ்பெற்ற ஆட்டக்காரர். அவருடைய 1950-ஆம் வருஷத்து ஐவரில் எட் ரோமன், அல் ராத், இர்வின் டாம்ப்ராட் மூவரும் யூதர்கள்; எட் வார்னர், பிளாய்ட் லேன் இருவரும் நீக்ரோ வகுப்பினர் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பர்கள். ஐவரும் அந்த நகரத்துப் பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர்கள். அமெரிக்காவின் பல கல்லூரிகளில் கறுப்புப் பையன் உள்ளேயே நுழைய முடியாத நாளில், இப்படி ஒரு கோஷ்டி!

மார்ச் மாதம் தேசிய அழைப்புப் போட்டி தொடங்கியபோது சிட்டி காலேஜைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் முந்திய வருஷத்து வெற்றி வீரர்களான ஸான் பிரான்ஸிஸ்கோ கோஷ்டியை வென்றது. அடுத்தது கெண்டக்கி. அடால்ப் ரூப் என்ற பிரசித்தமான பயிற்சியாளரின் படை. 1948, 1949 இரண்டு வருஷமும் தேசிய வெற்றி பெற்ற படை. வெள்ளையர் மட்டுமே ஆடும் படை. ஆட்டத்துக்கு முன் சிட்டி பையன்கள் கை குலுக்கப் போனபோது கெண்டக்கிக்காரர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று சிட்டி ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பதில் ஆட்டத்தில் கிடைத்தது. சிட்டி 89, கெண்டக்கி 50. ரூப்புக்கு வாழ்நாளில் அப்படி ஒரு தோல்வி கிடையாது. பிறகு டுகேன் கோஷ்டி. இறுதியில், நாட்டிலேயே முதல் ஸ்தானம் பெற்றிருந்த பிராட்லி கோஷ்டி. 69-க்கு 61.

ஒரு கோப்பை கைக்கு வந்தது. பத்து நாள் கழித்து, மார்ச் 28-ஆம் தேதி, கல்லூரிச் சங்கத்தின் தேசியப் போட்டியிலும் இறுதி ஆட்டம். அதே கார்டன், எதிரே அதே பிராட்லி! கடைசி விநாடிகளில் சிட்டி ஒரே ஒரு புள்ளி முந்தியிருந்தது. பிராட்லியின் மெல்கியோர் என்ற குள்ளமான கெட்டிக்காரர் கூடையை நோக்கிப் பாய்ந்தார். டாம்ப்ராட் அந்தப் பந்தைத் தடுத்துப் பறித்து முன்னே ஓடிய நார்ம் மேகருக்கு எறிந்தார். மேகர், அதே ஆட்டத்தில் மோதி நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர். பந்து கூடையில் விழுந்தது. 71-க்கு 68. டாம்ப்ராட் தடுத்தது சட்ட விரோதம் என்று பிராட்லி ரஸிகர்கள் கடைசிவரை சாதித்தார்கள். இதுவும் ரஸிக தர்மம்தான்.

அன்றிரவு டைம்ஸ் சதுக்கம் வரை மாணவர்கள் ஆடிக்கொண்டு போனார்கள். மறுநாள் வகுப்புகள் இல்லை, கல்லூரி மணி முழங்கியது, ஆயிரக்கணக்கில் கூடி “அல்லகரூ!” என்று முழங்கினார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு போட்டிகளையும் வென்ற கோஷ்டி அது ஒன்றுதான். இப்போது ஒரு கோஷ்டி இரண்டிலும் ஆட முடியாது. ஆகையால் இனி எவரும் அதைச் செய்யப் போவதுமில்லை.

கதையாக இருந்தால் இங்கே முற்றும் போட்டிருப்பேன். சரித்திரம் ஆசிரியரின் சௌகரியத்தைப் பார்ப்பதில்லை.

அந்தக் கட்டிடத்தில் இரண்டு விதமான ஜனங்கள் இருந்தார்கள். ரஸிகர்கள் ஒரு விதம். பணம் கட்டினவர்கள் இன்னொரு விதம். யார் ஜயிப்பார் என்று மட்டும் பந்தயம் கட்டினால், பலசாலிக்கும் சோனிக்கும் நடக்கும் ஆட்டத்தில் யாரும் சோனிமேல் பணம் வைக்க மாட்டார்கள். ஆகவே பந்தயத் தரகர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். சிட்டி காலேஜ் 8 புள்ளி வித்தியாசத்தில் ஜயிக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சிட்டியின் மேல் பணம் வைத்தவனுக்கு அது 8-க்கு மேல் ஜயித்தால்தான் லாபம். 5 புள்ளியில் ஜயித்தால், கோஷ்டிக்கு வெற்றி, அவனுக்கு நஷ்டம்.

இதில் இருந்த விஷத்தைப் பாருங்கள். ஆட்டக்காரனிடம் போய், “தோற்றுப் போ” என்று சொல்ல வேண்டியதில்லை. “ஜயித்துக்கொள், தம்பி. கொஞ்சம் குறைவாக ஜயி” என்றால் போதும். அதற்கு ஆட்டத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலர். பாடப் புத்தகம் வாங்கக் கை பிசைகிற வீட்டுப் பிள்ளைக்கு! ஒரு பாஸ் கொஞ்சம் தாமதம், ஒரு எறி கொஞ்சம் விலகல். மேல் வரிசையில் கத்துகிறவனுக்கு என்ன தெரியும்?

1951 ஜனவரியில், மன்ஹாட்டன் கல்லூரியின் முதல் கறுப்பு ஆட்டக்காரரான ஜூனியஸ் கெல்லாக் என்ற இளைஞரிடம் 1,000 டாலர் பேரம் பேசினார்கள். அவரும் ஏழைதான். நேரே பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள் அரசாங்க வழக்கறிஞர் பிராங்க் ஹோகனின் ஆட்கள். பிப்ரவரி 18-ஆம் தேதி, பிலடெல்பியாவில் ஓர் ஆட்டத்தை ஜயித்துவிட்டு பென்ஸில்வேனியா நிலையத்தில் வந்து இறங்கிய ரோமன், ராத், வார்னர் மூவரையும் கைது செய்தார்கள்.

போகட்டும், பிளாய்ட் லேன் இருக்கிறானே என்று ரஸிகர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். ஒன்பது நாள்தான் அந்த ஆறுதல். லேனும் ஒப்புக்கொண்டார். அவர் வாங்கின பணம் வீட்டுப் பூந்தொட்டியில் புதைந்திருந்தது. செலவழிக்கவும் மனம் வராமல், திருப்பிக் கொடுக்கவும் வழி தெரியாமல் ஒரு பிள்ளை அதை மண்ணில் மூடி வைத்திருந்தான் என்பதை நினைத்தால், நாவலாசிரியனுக்கு மேற்கொண்டு கற்பனை செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பின்னர் டாம்ப்ராட், மேகர் பெயர்களும் வந்தன. மொத்தம் 7 கல்லூரிகள், 32 ஆட்டக்காரர்கள். தம் பிள்ளைகளைச் சூதாடிகள் தொடக்கூட முடியாது என்று மார்தட்டினார் கெண்டக்கி ரூப். சில மாதத்தில் அவருடைய பழைய வீரர்களும் பிடிபட்டார்கள். பிராட்லி மெல்கியோரும் தப்பவில்லை.

தோல்வியை ரஸிகன் ஜீரணித்துவிடுவான். அது அவனுக்குப் பழக்கமான உணவு. ஆனால் இங்கே கெட்டுப்போனது தோல்விகள் மட்டும் அல்ல. ஜயித்த ஆட்டங்களின் ஞாபகமே கெட்டுப்போயிற்று. அன்றைக்கு நாம் துள்ளிக் குதித்தோமே, அது நிஜமா? அந்தப் பந்து தவறினபோது நாம் “ஐயோ” என்றோமே, அதைக் கேட்டு அவன் உள்ளுக்குள் என்ன நினைத்தான்? களவு போன நகையைத் திரும்பச் செய்துகொள்ளலாம். களவு போன சந்தோஷத்தை எந்தத் தட்டானிடம் கொடுத்துச் செய்வது?

பையன்களை மட்டும் தூற்றுவது நியாயமாகாது. அவர்கள் வியர்வையில் கார்டன் முதலாளிகள் வசூல் செய்தார்கள். கல்லூரிகள் பங்கு வாங்கின. பத்திரிகைகள் தரகர் கணக்கை அச்சிட்டு விற்றன. சிட்டி காலேஜில் சில ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதற்காகப் பள்ளிக்கூட மதிப்பெண்களையே திருத்தியிருந்தது பிறகு தெரிய வந்தது. எல்லாரும் ருசி பார்த்த பானையில் பையன்கள் கை விட்டபோதுதான் போலீஸ் வந்தது. வார்னருக்கு ஆறு மாத சிறைத் தண்டனை. தொழில்முறைச் சங்கத்தின் கதவு அவர்கள் அத்தனை பேருக்கும் மூடிவிட்டது. கல்லூரியும் கார்டன் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. இன்று மூன்றாம் பிரிவில் அமைதியாக ஆடுகிறது.

ஆனாலும் ரஸிகர்கள் மறக்கவில்லை. ஜே நியூஜெபோரன் 1966-இல் “பிக் மேன்” என்ற நாவலில், இப்படித் தடைபட்ட ஆட்டக்காரன் ஒருவனைக் கதாநாயகனாக்கினார். பிராங்க்ஸ் பேட்டையில் வளர்ந்த ஸ்டான்லி கோஹன் 1977-இல் “அவர்கள் ஆடிய ஆட்டம்” என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார். பழைய ரஸிகர்கள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: விற்றதாக வழக்கில் வந்தவை வேறு ஆட்டங்கள், அந்த மார்ச் மாதத்து ஏழு ஆட்டங்களில் எதையும் விற்றதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. 1950-இன் வெற்றி சங்கத்தின் ஏடுகளில் இன்றும் சிட்டி காலேஜ் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஏழையாவது எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர்கள் வேண்டுகோள்.

எட் ரோமன் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்று நகரப் பள்ளிப் பிள்ளைகளிடையே பணி செய்தார். பிளாய்ட் லேன் பிராங்க்ஸ் தெருக்களில் சிறுவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற நேட் ஆர்ச்சிபால்ட் அவரிடம் பழகினவர்தான். 1974-இல் சிட்டி காலேஜ் லேனையே தன் கோஷ்டிக்குப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. எந்த வாசலில் தலை குனிந்து வெளியேறினாரோ அந்த வாசலில் விசில் கட்டிக்கொண்டு நுழைந்தார். நீதிபதியின் தீர்ப்பு 1951-லேயே வந்துவிட்டது. ரஸிகர்களின் தீர்ப்புக்கு இருபத்து மூன்று வருஷம் பிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய கார்டன் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். இலவசப் படிப்பும் 1976-இல் போய்விட்டது. அந்த ஐவரும் காலமாகிவிட்டார்கள்; கடைசியாக 2024-இல் லேன். அந்தக் கட்டிடத்தில் ஆட்டத்துக்கு விலை இருந்தது. வித்தியாசத்துக்கு விலை இருந்தது. பையன்களுக்கும் விலை இருந்தது. மேல் வரிசைக் கூச்சலுக்கு மட்டும் யாரும் விலை பேசவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த ஞாபகம் இத்தனை நாள் கெடாமல் இருந்திருக்கிறது.